ஈசான்ய மூலையில் பூஜ்யம் புள்ளி நான்கு

ஒரு வட்டம் வரைந்து, அதைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறின் மேலும் இத்தனை சதவீதம் என்று எழுதி வைப்பதில் எங்கள் ஆபீஸ் பாயிண்டை மிஞ்சிய ஆள் சித்தூர் ஜில்லாவில் மட்டுமல்ல, கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்த தேசத்திலும் இருந்திருக்க முடியாது. சும்மா சொல்லவில்லை. அந்த தேசத்திலிருந்து வந்த ஒருவரே, எங்கள் கண் எதிரில், பாயிண்டு போட்ட வட்டத்தைச் சுவரில் பார்த்துவிட்டு எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார். பாயிண்டும் மரியாதையாகக் கை கொடுத்துவிட்டு, "சார், கொஞ்சம் அந்தப் பக்கமா நவுருங்கோ. லேபிள் மறைக்கிது" என்றார்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில் எங்கள் தொழிற்சாலை இருந்தது. மாம்பழத்தைக் கூழாக்கி, டின்னில் அடைத்து, கப்பலேற்றுகிற வேலை. நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் தினமும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் எம்.டி. அதைப் படித்துவிட்டு, திறந்த கதவு வழியாக முதலில் ஒரு கம்ப்யூட்டரை உள்ளே கொண்டுவந்தார். அதற்குத் தனி அறை, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு போர்டு. தேங்காய் உடைத்து மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார்கள். ஆறு மாதம் வரை அந்தக் குங்குமத்தைத் துடைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

எனக்கு ஃபீல்டில் வேலை. ஊர் ஊராகப் போய்த் தோட்டங்களைப் பார்த்து, காய் முற்றியதும் விவசாயிகளை எங்கள் கொள்முதல் ஷெட்டுகளுக்கு வரவைக்க வேண்டும். அதனால் ஆபீஸில் என் பெயரே 'ஃபீல்டு' ஆகிவிட்டது.

கம்ப்யூட்டரை முதலில் ஆண்டவன் எம்.டி.யின் சகலை மகன். ஹாலந்திலிருந்து வாங்குகிறவர்கள் வந்தபோது அவன்தான் முதல் வட்டத்தைப் போட்டான். புரொஜெக்டர் வெளிச்சம் சுவரில் விழுந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தோதாபுரி 7200%, நீலம் 1800%, மற்ற ரகங்கள் 1000% என்று இருந்தது. வந்தவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இது எப்படி என்று மெதுவாகக் கேட்டார். எம்.டி. கொஞ்சமும் அசரவில்லை. "எங்கள் கெபாசிட்டி அப்படி" என்று இங்கிலீஷில் சொன்னார். அடுத்த வாரம் சகலை மகனைக் காலி டின் எண்ணுவதற்கு குடோனுக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்போதுதான் பாயிண்டு வந்தார். நகரிக்காரர். பவர்லூம் பட்டறைகளுக்குச் சேலை பார்டர் டிசைனைக் கிராஃப் காகிதத்தில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், திருப்பதியில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போயிருந்தார். ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து காட்டியதும், "இது நம்ம கிராஃப் நோட்டு தானே!" என்று சொந்தக்காரரைப் பார்த்தவர்போலச் சிரித்தார். எம்.டி. அந்த 7200 சதவீதத்தைக் காட்டி, இந்த மிஷின் ஏன் இப்படிப் பொய் சொல்கிறது என்று கேட்டார்.

"அது மேல தப்பு இல்லீங்க" என்றார் இவர். "அதுக்கு ஒண்ணுன்னா நூறு பர்சென்ட்டு. அதுங்கிட்ட எழுவத்திரண்டுன்னு போட்டுட்டு, அப்பால பர்சென்ட்டு ஆக்குன்னு சொல்லிகீறாங்க. அது இன்னா பண்ணும், பாவம்?"

முதலாளியிடம் வேலை கேட்டு வந்த இடத்தில் மிஷினுக்கு வக்காலத்து வாங்கிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எம்.டி.யும் பார்த்திருக்க மாட்டார். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்.

சேர்ந்த மூன்றாம் மாதம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் அட்டையில் எடை மூன்று கிலோ என்று எழுதியிருக்கிறார். இவர் தராசை எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பாயிண்டு எட்டு அஞ்சும்மா. இல்லாத நூத்தம்பது கிராம எதுக்கு எம் பொண்ணு மேல ஏத்தற?" என்று சண்டை பிடித்து அட்டையைத் திருத்த வைத்தார். எங்களுக்கு லட்டு கொடுக்கும்போதும், பெண் பிறந்திருக்கிறாள் என்பதற்கு முன்னால் ரெண்டு பாயிண்டு எட்டு அஞ்சு என்றுதான் சொன்னார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போய், பாயிண்டு ஆகிவிட்டார். தெலுங்குக்காரர்கள் மட்டும் மரியாதை குறையாமல் 'பாயிண்ட்டு காரு' என்று கூப்பிட்டார்கள்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். எல்லோரும் வட்டத்துக்குக் கீழே ஒரு பெட்டி கட்டி, பச்சை என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று எழுதுவார்கள். பாயிண்டுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "கல்யாணத்துக்கு வந்தவன வாசல்லயே நிக்கவெச்சி, மொதல்ல பத்திரிகைய படிச்சிட்டு வான்னு சொல்லுவியா? பேரும் நம்பரும் அந்தந்தக் கூறு மேலயே குந்திக்கினு கீணும்" என்பார். கூறு சின்னதாக இருந்தால் லேபிளை வெளியே இழுத்து வந்து, மெல்லிய கோடு ஒன்றால் கூறோடு கட்டுவார். இரண்டு லேபிள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால், சந்தையில் முட்டிக்கொண்ட மாடுகளைப் பிரிக்கிறவர்போல அப்படி ஒரு பொறுமையோடு பிரித்து வைப்பார்.

அதன் பிறகு பரீட்சை நடக்கும். பரீட்சை அதிகாரி எங்கள் கேண்டீன் முனெம்மா. முனெம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் நம்பர் படிப்பதற்காக எண்களை மட்டும் கற்று வைத்திருந்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து கான்ஃபரன்ஸ் ரூமில் கடைசி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு பாயிண்டு சுவரைக் காட்டுவார்.

"யக்கா, அந்தப் பச்சக் கூறுல இன்னா போட்டுகீது?"

"பதினெட்டு."

"அப்பால?"

"அப்பால ரெண்டு முட்ட. நடுவுல ஒரு குச்சி."

"கரெக்ட்டு! அந்தாண்ட?"

முனெம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "எழுவத்தொண்ணா, எழுவத்தேழான்னு தெரியல தம்பி. எனக்கு அடுப்புல பால் கீது."

அவ்வளவுதான். எம்.டி. பார்த்துத் தலையாட்டிய வட்டம் அது. பாயிண்டு அத்தனை லேபிளையும் வேறு எழுத்தில் போட்டு, அளவைக் கூட்டி, முனெம்மாவைப் பாலை இறக்கிவைத்துவிட்டு மறுபடி வரச் சொன்னார். "எம்.டி. மொத நாற்காலில குந்தறவரு. அவருக்கு எல்லாந்தான் தெரியும்" என்றார் என்னிடம்.

கூட்டுத்தொகை விஷயத்தில் அவரோடு பேசிப் பயனில்லை. ஒவ்வொரு கூறையும் முழு எண்ணாக்கிக் காட்டும்போது மிஷின் தனித்தனியே மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். அத்தனையும் கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் 99 வரும், ஒரு நாள் 101 வரும். மற்ற ஆபீஸ்களில் இதை யாரும் கவனிப்பதுகூடக் கிடையாது. பாயிண்டு 101ஐப் பார்த்துவிட்டால் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார்.

"வாண்ணா, துன்னலாம். இதயெல்லாம் யாருணா கூட்டிப் பாக்கப்போறாங்க?" என்று நான் ஒரு நாள் இழுத்தேன்.

"நூத்தியொண்ணுன்னு போட இன்னா, மொய்யா எழுதறோம்?" என்றார். "எவனாச்சும் ஒருத்தன் கூட்டிப் பாப்பான் ஃபீல்டு. அந்த ஒருத்தனுக்காவத்தான் நாம போடறது."

ஒரு புள்ளி சேர்த்து, தசமத்தில் ஓர் இடம் காட்டி, எல்லாம் சேர்ந்து சரியாக நூறு வந்த பிறகுதான் சாம்பார் சாதம் உள்ளே போயிற்று. அடுத்த வாரம் ஹாலந்திலிருந்து வந்த ஓர் அம்மாள், எம்.டி. பேசிக்கொண்டிருக்கும்போதே தன் நோட்டில் பென்சிலால் ஒவ்வோர் எண்ணாக எழுதிக் கூட்டினார். அடியில் 100.0 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. புரொஜெக்டர் பக்கத்தில் நின்றிருந்த பாயிண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது வாஸ்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எம்.டி.க்கு அது மூச்சுக்காற்று. தொழிற்சாலையின் மேற்கு கேட்டை மூன்று முறை அடைத்து நான்கு முறை திறந்தோம். பாய்லரை ஒன்பது அடி நகர்த்தினோம். காளஹஸ்தியிலிருந்து மாதம் ஒரு தடவை வாஸ்து பார்க்கிற ஒரு சித்தாந்தி வந்து, கையில் திசைகாட்டியோடு சுற்றிவருவார். வந்து போனதும் எங்காவது ஒரு சுவர் இடிபடும்.

ஒரு மாதம் அவர் எம்.டி. அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரில் பாயிண்டு போட்ட வட்டம், கலரில் அச்சாகி, ஃப்ரேமுக்குள் தொங்கியது. காகிதத்தில் மேல் பக்கம் வடக்கு என்றால், வலது மேல் மூலை வடகிழக்கு, அதாவது ஈசான்யம். ஈசுவரன் இருக்கிற இடம். மிஷின் எப்போதும் உச்சியிலிருந்து வலது பக்கமாகத்தான் முதல் கூறை ஆரம்பிக்கும். பட்டியலில் முதலில் இருந்தது அழுகல் பழம்.

"ஈசான்யத்துல அழுகலா!" என்று சித்தாந்தி காதைப் பொத்திக்கொண்டார்.

எம்.டி.க்கு வியர்த்துவிட்டது. தானே நாற்காலி மேல் ஏறி ஃப்ரேமைத் தலைகீழாக மாட்டினார். அழுகல் தென்மேற்குக்குப் போய்விட்டது. ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் கழுத்தை ஒடித்துக்கொண்டு படிக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்துப் பாயிண்டைக் கூப்பிட்டனுப்பினார்கள். நாங்கள் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே நின்றோம். பாயிண்டு சிரிக்கவில்லை. எந்த மூலையில் எது இருக்கலாம், எது கூடாது என்று சித்தாந்தியைக் கேட்டு ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டார்.

"வட்டத்த சொழட்டறதுக்கு மிஷின்ல ஒரு எடம் கீதுங்க. எத்தினி டிகிரின்னு போட்டா அத்தினி டிகிரி திரும்பும். எழுத்து நேராவே நிக்கும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையில் வட்டங்கள் எல்லாம் வாஸ்து பார்த்துத்தான் வெளியே போயின. உலகத்தில் வேறு எங்கும் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். தென்மேற்கில் கனமான கூறு, ஈசான்யத்தில் லேசான கூறு. பாயிண்டு அந்தத் தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தார்.

அடுத்த வருடம் பெங்களூரில் படித்த ஒருவர் ஜி.எம். ஆக வந்தார். கெட்டவர் இல்லை. எல்லாம் சுத்தமாக, குறைவாக, சீக்கிரமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். எங்களுக்கு ஏழு கொள்முதல் ஷெட்டுகள். எந்த ஷெட்டிலிருந்து எவ்வளவு காய் வருகிறது என்று ஒரு வட்டம் போடச் சொன்னார். அமெரிக்காவிலிருந்து பங்குதாரராகச் சேர வருகிறவருக்குத் திருப்பதி ஓட்டல் ஒன்றில் அதைக் காட்டப்போகிறோம், அதனால் புள்ளி கிள்ளி எதுவும் வேண்டாம், எல்லாம் முழு எண்ணாக இருக்கட்டும் என்றார்.

முன்னோட்டமாக ஆபீஸ் சுவரில் போட்டுப் பார்த்தார்கள். 38%, 24%, 17%, 11%, 7%, 3%. ஏழாவதாக, கூறு என்று சொல்ல முடியாத ஒரு கீற்று. அதன் பக்கத்தில் மேட்டுக்கண்டிகை, 0%.

எம்.டி. கொஞ்ச நேரம் பார்த்தார். "சுன்னா பர்சென்ட்டா? சுன்னாவுக்கு ஷெட்டு எந்துக்கய்யா?" என்றார். பூஜ்யத்துக்கு எதற்கு ஒரு ஷெட்டு என்ற கேள்வி நியாயமாகத்தான் பட்டது. "அடுத்த சீசன்ல மூடிடலாம் சார்" என்றார் ஜி.எம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மேட்டுக்கண்டிகை என் ஊர். தமிழ்நாட்டு எல்லையில், கரட்டு மேட்டில் இருக்கிறது. எங்கள் ஜனங்கள் காலங்காலமாக மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் தலைமுறைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அரசாங்கம் முப்பத்தொரு குடும்பத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் பட்டா போட்டுக் கொடுத்தது. அந்தக் கல்லில் குழி வெட்டி, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, மாங்கன்று வளர்த்தார்கள். எங்கள் அப்பாவும், நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவர்களில் ஒருவர். முதல் காய்ப்பு வந்து இரண்டு சீசன்தான் ஆகியிருந்தது. எங்கள் ஷெட்டு இல்லையென்றால் காயை வாடகை வண்டியில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே புரோக்கர் வைத்ததுதான் சட்டம். கொண்டுபோன காயைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வரவா முடியும்?

இதையெல்லாம் நான் அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேட்டுக்கண்டிகை என் ஊர் என்று ஆபீஸில் யாருக்கும் நான் சொன்னதில்லை. கேட்டால் சித்தூர் என்பேன். சொந்த ஊருக்காகப் பேசுகிறான் என்று நினைப்பார்களே என்ற பயம் ஒன்று. அந்த மேட்டு ஜனத்தில் இவனும் ஒருத்தனா என்று பார்ப்பார்களே என்ற வெட்கம் இன்னொன்று. நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

வாயைத் திறந்தவர் பாயிண்டுதான்.

"சார், அது சைபர் இல்ல. ஜீரோ பாயிண்டு நாலு."

"ரவுண்ட் பண்ணினா ஜீரோதானே?" என்றார் ஜி.எம்.

"நீங்க ரவுண்டு பண்ணீங்க. காய் வந்துகீதே சார்."

"சரி, அந்தக் கூறே வேண்டாம். பக்கத்து ஷெட்டோட சேர்த்து 'இதர'ன்னு போட்டுடுங்க."

"இதரன்னு ஒரு ஊரு எங்க சார் கீது? பஸ்ஸு போவுதா?"

அறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஜி.எம். முகம் சிவந்தது. ஆறு கூறு, முழு எண், நாளைக் காலையில் எனக்கு வர வேண்டும், முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பாயிண்டு புரொஜெக்டரை அணைத்தார். அப்புறம் "சரி சார்" என்றார். நான் அவரைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். வீட்டில் ரெண்டு பாயிண்டு எட்டு அஞ்சு இருக்கிறது, அவரும்தான் என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துத் திருப்பதியில் கூட்டம், பதினொரு மணிக்கு. பத்து மணிக்கே சித்தாந்தி வந்துவிட்டார். பாயிண்டு, ஜி.எம். சொன்னபடியே ஆறே கூறு, முழு எண்கள் என்று அச்சடித்த கண்ணாடித் தாளைப் புரொஜெக்டரில் வைத்தார். மேட்டுக்கண்டிகை மருந்துக்குக்கூட இல்லை. அதன் கீற்றை மூன்று சதவீத ஷெட்டு விழுங்கிவிட்டு, 'இதர' என்ற பெயரில் தெற்கு ஓரமாகக் கிடந்தது. சித்தாந்தி சுவர் முன்னால் திசைகாட்டியைப் பிடித்தார். வலது மேல் மூலையை 38% அடைத்துக்கொண்டு இருந்தது.

"ஈசான்யத்துல இம்மாம் பருவா? தேலிக்கா உண்டாலி, தேலிக்கா!" என்றார். அந்த மூலையில் பாரம் இருக்கக் கூடாதாம், லேசாக இருக்க வேண்டுமாம்.

"திருப்பு, திருப்பு" என்று எம்.டி. பதறினார்.

பாயிண்டு அவசரப்படாமல் அடுத்த தாளை வைத்தார். இப்போது அங்கே 24% வந்தது. அதற்கடுத்த தாளில் 17%. சித்தாந்தியின் தலை இட வலமாக ஆடிக்கொண்டே இருந்தது. மணி பத்தே முக்கால். அமெரிக்கர் லிஃப்டில் ஏறிவிட்டார் என்று வந்து சொன்னார்கள். எம்.டி. நெற்றியைத் துடைத்த துண்டைப் பிழியலாம் போலிருந்தது.

"சாமி" என்றார் பாயிண்டு, ரொம்பப் பணிவாக. "லேசா ஒண்ணு இருந்திச்சி. ஜி.எம். சார் எடுத்துட சொல்லிட்டாரு."

"எவரு தீயமன்னாரு?" என்று சித்தாந்தி யார் எடுக்கச் சொன்னது என்ற அர்த்தத்தில் கர்ஜித்துவிட்டு, ஜி.எம்.மைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஜி.எம். வாயைத் திறப்பதற்குள் எம்.டி. "பெட்டண்டி, பெட்டண்டி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வைத்துத் தொலையுங்கள் என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னார்.

பாயிண்டு ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தார். ஏழு கூறுகள். ஈசான்யத்தின் நட்டநடுவில் மயிரிழை மாதிரி ஒரு பச்சைக் கீற்று. அதிலிருந்து ஒரு கோடு வெளியே வந்து, மேட்டுக்கண்டிகை, 0%. இரண்டு பக்கமும் லேசான கூறுகளாகப் பார்த்து அடுக்கியிருந்தார். சித்தாந்தி முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. அந்த மூலைதான் வம்சத்துக்கு உரிய மூலை, அங்கே போய்ப் பூஜ்யம் எழுதினால் எம்.டி.யின் வம்சம் என்ன ஆவது என்று கேட்டார்.

"நெஜத்துல அது சைபர் இல்ல சாமி" என்றபடி பாயிண்டு கடைசித் தாளை வைத்தார். எல்லா லேபிள்களிலும் ஒரு புள்ளி, அதன் பின் ஓர் எண். மேட்டுக்கண்டிகை, 0.4%. அத்தனையும் கூட்டினால் நூறு என்று எனக்குக் கூட்டிப் பார்க்காமலே தெரியும்.

கதவு திறந்து அமெரிக்கர் உள்ளே வந்தார். அவர் எழுந்து போய்க் கை கொடுத்ததும், பாயிண்டு அவரை நகரச் சொன்னதும் இந்தத் தாளுக்குத்தான். இவ்வளவு சின்ன ஷெட்டை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். எம்.டி. கொஞ்சமும் யோசிக்காமல், எங்கள் எதிர்காலமே அதில்தான் இருக்கிறது என்றார். அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது, முழு நம்பிக்கையோடுதான் சொன்னார். அமெரிக்கர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஷெட்டை மூடுகிற பேச்சு அன்றோடு போயிற்று. மூடுவதாவது, அதற்குப் புதுக் கூரை போட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, வாசலில் ஒரு துளசி மாடம் கட்டினார்கள். ஆபீஸில் அதற்கு 'ஈசான்ய ஷெட்டு' என்று பெயரே வந்துவிட்டது. உண்மையில் எங்கள் ஊர் தொழிற்சாலைக்குத் தென்மேற்கே இருக்கிறது. யாரும் மேப்பைப் பார்க்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை.

கடைசித் தாளின் ஓரத்தில் அச்சடித்த தேதி இருந்ததைப் பிறகு கவனித்தேன். ஜி.எம். அவரை மிரட்டிய அதே நாள். "சரி சார்" என்று போன மனுஷன் நேராக அறைக்குப் போய், அத்தனை தாளையும் எந்த வரிசையில் வைக்க வேண்டுமோ அந்த வரிசையில் அடித்து ஃபைலில் போட்டிருக்கிறார். "ஏம்ணா, சித்தாந்தி வேற மாதிரி சொல்லியிருந்தா?" என்று கேட்டேன். "அவராண்ட கேட்டு எளுதி வெச்சினு கீறேன் இல்ல?" என்றார், மேஜைக் கண்ணாடியைத் தட்டி. நானாக இருந்தால் அந்த ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் மஸ்கட் போய்விட்டார். அங்கே ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலை. அதற்கப்புறம் எங்கள் வட்டங்களில் 99ம் வந்தது, 101ம் வந்தது. முனெம்மாவை யாரும் டீயை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கலாம், ஆனால் நான் சொல்ல வந்தது, அவர் போவதற்கு முன்னால், திருப்பதிக் கூட்டத்துக்கு அடுத்த சீசனில் மேட்டுக்கண்டிகையிலிருந்து முதல் லோடு வந்த நாளை.

ஒரு டிராக்டர், பின்னால் ஒரு டிரெய்லர், அவ்வளவுதான். எடை மேடைக்கு அது வந்து நின்றபோது பாயிண்டு ஏ.சி. அறையை விட்டு வெயிலில் இறங்கி வந்தார். அவரை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததே இல்லை. நேராகப் போய் ஒரு மாங்காய்ப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யப்பா, இன்னா கனம் கீது ஃபீல்டு!" என்றார். பிறகு டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல உங்க நைனா மரத்துக் காய் எது?" என்று கேட்டார்.

அவரிடம் நான் ஊர் பெயர்கூடச் சொன்னதில்லை.

"ஷெட்டு ஷீட்டுல ஒவ்வொருத்தர் பேரும் கீது இல்ல?" என்றார் அவர், சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே. "முப்பத்தொண்ணாவது வரிசை. சம்பள ரிஜிஸ்டர்ல உன் பேருக்குக் கீழ போட்டுகீற அதே நைனா பேரு. மொத்தத்துல அவுரு மட்டும் எவ்ளோன்னு போட்டுப் பாத்தேன். ஒரு பாயிண்டுல சைபர் வந்துச்சி. ரெண்டு பாயிண்டு வெச்சேன், அப்பவும் சைபருதான். விடல. மூணாவது பாயிண்டு வெச்சேன் பாரு, நாலுன்னு வந்து நின்னாரு உங்க நைனா."

எங்கள் நைனாவை அதுவரை யாரும் அவ்வளவு தூரம் தேடிக்கொண்டு போனதில்லை.